பிடித்த சிகாரையும் விடாமல், புதியதையும் பழக

சிகார் பிடிப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒருவருக்குப் பல வருடமாக ஒரே பிராண்டு, ஒரே சைஸ். கடையில் அது இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்பிவிடுவார். இன்னொருவர் எந்தச் சிகாரையும் இரண்டாம் முறை வாங்கியதே கிடையாது, புதிதாக என்ன வந்திருக்கிறது என்பதுதான் எப்போதும் பேச்சு. முதலாமவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று இல்லாததால், தான் பிடிப்பது எவ்வளவு நல்லது என்பதே தெரியாமல் போய்விடுகிறது. இரண்டாமவருக்கு எதுவும் நாக்கில் தங்குவதில்லை. என் கட்சி இதுதான்: ஒரு சிகாரை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள், மற்றதையெல்லாம் அதை வைத்து அளந்து ருசியுங்கள். அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. பெரிய சிகார் ஒன்றில், ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருக்கும் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. சிக்மண்ட் பிராய்ட் நாளுக்கு இருபது சிகார் வரை பிடித்தவர், 1923இல் வாயில் புற்றுநோய் கண்டு, அதற்கப்புறம் 1939இல் இறக்கும்வரை முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டார், அப்படியும் சிகாரை விடவில்லை. ஆகவே இதுவரை பிடிக்காதவர்கள் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே பிடிப்பவர்களுக்கு என் முதல் விதி: வகை கூடலாம், எண்ணிக்கை கூடக்கூடாது. வாரத்துக்கு ஒன்று பிடிப்பவர் புதியதை அந்த ஒன்றின் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'ருசி பார்க்கத்தானே' என்று கூடுதலாக ஒன்றைப் பற்றவைக்க ஆரம்பித்தால் அது அங்கேயே நிற்காது.

எதன்மேல் உங்களுக்குப் பிடிப்பு?

பிடித்த சிகார் எது என்று கேட்டால் எல்லோரும் பேண்டில், அதாவது சிகாரைச் சுற்றியிருக்கும் காகித வளையத்தில், இருக்கும் பெயரைச் சொல்வார்கள். ஆனால் பிடித்தது பெயராக இருக்காது, அதற்குள் இருக்கும் ஏதோ ஒன்றாக இருக்கும்: அதன் சைஸ், அதன் மேல் இலை, அதன் காட்டம், அல்லது அது எரிந்து முடியும் நேரம். இதைக் கண்டுபிடிக்காமல் புதியதைத் தேடப் போனால் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுதான்.

ஜான் கென்னடியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பிடித்தது எச். உப்மன் பிராண்டின் பெட்டி உப்மன் என்ற சிறிய கியூபச் சிகார். 1962 பிப்ரவரியில் கியூபா மீது வர்த்தகத் தடை உத்தரவில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய நாள், தன் பத்திரிகைச் செயலர் பியர் சாலிஞ்சரை அழைத்து ஆயிரம் வாங்கி வரச் சொன்னார். அவர் வாஷிங்டனில் கடை கடையாக ஏறி இறங்கி 1,200 வாங்கி வந்தார். அதற்கப்புறம்தான் கையெழுத்து. சாலிஞ்சரே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். இதைப் பலரும் கியூபப் புகையிலைமேல் அவருக்கிருந்த ஆசை என்று மட்டும் சொல்வார்கள். எனக்கு அதில் சைஸும் தெரிகிறது. வேலைக்கு நடுவே சட்டென்று பிடித்து முடிக்கச் சின்னச் சிகார்தான் ஒரு அதிபருக்குத் தோது. சர்ச்சில் இதற்கு நேர் எதிர். 7 அங்குல நீளம், 47 ரிங் கேஜ் சிகாருக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது, ரோமியோ ஒய் ஜூலியட்டா என்ற கியூப பிராண்டு அந்த சைஸை அவர் பெயரில்தான் விற்கிறது. அவ்வளவு நீளச் சிகாருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும்.

உங்கள் சிகாரை அடுத்த முறை பிடிக்கும்போது நான்கு விஷயத்தைக் கவனித்து எழுதி வையுங்கள். நீளமும் ரிங் கேஜும் எவ்வளவு, ரிங் கேஜ் என்பது ஒரு அங்குலத்தை 64 ஆகப் பிரித்த கணக்கு, 50 என்றால் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் தடிமன். மேல் இலை என்ன நிறம், எந்த ஊர்ப் புகையிலை. முடித்ததும் தலை லேசாக இருந்ததா, கனமாக இருந்ததா. எந்த நேரத்தில், சாப்பிட்டபின்னா, வெறும் வயிற்றிலா. இந்த நான்கு பதிலும் கையில் இருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

இலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

சிகாரில் மூன்று பாகம். உள்ளே அடைத்திருப்பது ஃபில்லர், அதைப் பிடித்து நிறுத்தும் பைண்டர், வெளியே சுற்றியிருக்கும் மேல் இலை. ஃபில்லரில் ஒரே செடியின் வெவ்வேறு உயர இலைகள் கலந்திருக்கும். அடிப்பக்கத்து வொலாடோ நன்றாக எரியும், காட்டம் குறைவு. நடுவில் பறிக்கும் செகோவில் வாசனை. உச்சியில் வெயில் நேராகப் படும் லிகேரோ தடித்த இலை, மெதுவாக எரியும், காட்டம் முழுக்க அதில்தான். ஒரு சிகார் உங்கள் தலையைச் சுற்ற வைத்தால் லிகேரோ அதிகம் என்று யோசியுங்கள், மேல் இலையின் கறுப்பு நிறத்தின்மேல் பழியைப் போடாதீர்கள். கறுப்பாக இருந்தால் காட்டம் என்பது பரவலாக நம்பப்படும் பொய். மடூரோ இலை நீண்ட நாள் நொதிக்க வைத்ததால் கறுத்தது, பல மடூரோ சிகார்கள் இனிப்பாகவும் சாதுவாகவும் இருக்கும்.

மேல் இலையில்தான் வகை நிறைய. அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் துணிக்கூடாரத்தின் நிழலில் வளர்க்கும் வெளிர் இலை மென்மையானது, மகனுடோ கஃபே போன்றவற்றில் இருப்பது அந்தக் குடும்பம். ஈக்வடாரில் மேகமே நிழல் தருவதால் கூடாரம் இல்லாமலே அந்த வகை வளர்கிறது. கேமரூன் இலைக்கு மசாலா வாடையோடு ஒரு மெல்லிய இனிப்பு, ஆர்துரோ ஃபுயெண்டேயின் ஹெமிங்வே வரிசையில் இதைச் சுவைக்கலாம். மெக்சிகோவின் சான் ஆண்ட்ரெஸ் இலை கறுத்துத் தடித்தது, மண்வாசனையும் கோகோவும் சேர்ந்தது. நிகராகுவாவில் எஸ்தெலி மண் கனமான காட்டத்தைத் தரும், ஹலாபா மண் இனிப்பைத் தரும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வையுங்கள். கியூப ரொபஸ்டோ, அதாவது குட்டையான தடித்த சிகார், பிடிப்பவர் திடீரென்று டொமினிக்கன் நாட்டின் மெல்லிய நீளச் சிகாரை எடுத்து, 'இது நமக்குச் சரிப்படாது' என்று சொன்னால் எது சரிப்படவில்லை என்று அவருக்கே தெரியாது. நாடும் மாறிவிட்டது, சைஸும் மாறிவிட்டது, மேல் இலையும் மாறிவிட்டது.

முதல் மாற்றம் சைஸ். அதே பிராண்டு, அதே வரிசை, வேறு தடிமன். ஒல்லியான சிகாரில் ஃபில்லரின் பங்கு குறைந்து மேல் இலையின் பங்கு கூடும், ஆகவே ஒரே கலவை வேறு மாதிரி பேசும். சைஸ் மாற்றத்தில் வரும் வித்தியாசமே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது, பிராண்டு மாற்ற வேண்டிய தேவையே வருவதில்லை.

அடுத்து மேல் இலை. இதற்கு நிகராகுவாவின் பத்ரோன் 1964 ஆனிவர்சரி அருமையான பாடம். ஒரே சைஸில் நேச்சுரல், மடூரோ என்று இரண்டு வரும். இரண்டையும் வெவ்வேறு நாளில் பிடித்துப் பாருங்கள். நேச்சுரலில் வறுத்த கடலையும் காப்பியும் போல வருவது மடூரோவில் கோகோவாகவும் கருப்பட்டியாகவும் கனத்து இறங்கும். மடூரோ என்னுடைய அளவுகோல், அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கலாம்.

அப்புறம் கலவை. கியூபச் சிகார் பிடிப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பர்தாகாஸ் சீரி டி நம்பர் 4, ஹோயோ டி மொண்டெர்ரே எபிக்யூர் நம்பர் 2, ரமோன் அலோன்ஸ் ஸ்பெஷலி செலக்டட், மூன்றும் 124 மில்லிமீட்டர் நீளம், 50 ரிங் கேஜ். நாடு ஒன்று, உருவம் ஒன்று, இலை மூன்றிலும் கியூப இலையே. ஆனால் ஹோயோ சாது, பர்தாகாஸ் மிளகும் மண்ணுமாக முரடு, ரமோன் அலோன்ஸ் கனிந்த பழம்போல அடர்த்தி. இந்த மூன்றையும் ஒரு மாத இடைவெளிக்குள் பிடித்தவருக்குக் கலவை என்றால் என்ன என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

நாட்டை மாற்றுவது கடைசியில். அதற்குள் உங்கள் நாக்கு எதைத் தேடுகிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் நம் ஊர்ச் சுருட்டையும் எடுத்துப் பார்க்கலாம். திருச்சி உறையூர்ச் சுருட்டு 19ஆம் நூற்றாண்டிலேயே பிரிட்டனுக்குக் கப்பலேறிப் போனது. இரண்டு முனையும் வெட்டியே இருக்கும், கட்டர் தேவையில்லை. கரீபியன் சிகாரோடு போட்டிக்கு நிறுத்தாமல், அதன் காட்டத்துக்காக அதைத் தனியாக ருசியுங்கள்.

ருசி பார்க்கும் விதம்

புதிய சிகாரை வெட்டியதும் உடனே பற்றவைக்காதீர்கள். அடிமுனையை மூக்கருகே வைத்து முகருங்கள், வைக்கோல், தோல், கொட்டில் வாடை, உலர்ந்த திராட்சை, ஏதாவது ஒன்று வரும். அப்புறம் பற்றவைக்காமலே இரண்டு இழுப்பு. இழுப்பு இறுக்கமா, லேசா என்று அங்கேயே தெரிந்துவிடும், உதட்டில் ஒட்டும் உப்போ இனிப்போ மேல் இலையுடையது. தீயை முனையில் நேராகக் குத்தாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, சிகாரைச் சுழற்றிச் சுழற்றி விளிம்பு முழுக்கச் சிவக்க விடுங்கள். அவசரமாகக் கருக்கிவிட்டால் முதல் கால் மணி நேரம் கசக்கும், அந்தக் கசப்பைச் சிகாரின் கணக்கில் எழுதிவிடுவோம். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும், அதற்கு மேல் இழுத்தால் சூடேறி எல்லாச் சிகாரும் ஒரே சுவையாகிவிடும்.

சிகாரை மூன்று பங்காக மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பங்கில் மிளகு துள்ளும், நடுவில்தான் அதன் உண்மைக் குணம் தெரியும், கடைசியில் எண்ணெயும் சூடும் சேர்ந்து கனக்கும். புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியாக மெல்ல விட்டால் நாக்குக்கு எட்டாதது பல தெரியும், பழக்கமில்லாதவர்கள் மிகக் கொஞ்சமாகச் செய்யுங்கள், எரியும். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு வரி எழுதுங்கள். 'காப்பி', 'அம்மா பொரித்த வேர்க்கடலை', 'மழைக்கு முந்தின மண்' என்று உங்கள் வாயில் வரும் சொல்லையே போடுங்கள். இணையத்தில் படித்த சொல்லைக் கடன் வாங்கினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே அது எதையும் ஞாபகப்படுத்தாது.

புதியதைச் சோதிக்கும் நாளில் காரசாரமான சாப்பாடு, சளி, தூக்கக் கலக்கம் எதுவும் இருக்க வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம். குடிக்கத் தண்ணீர் போதும், விஸ்கியோ காப்பியோ பக்கத்தில் இருந்தால் எது எதன் சுவை என்று குழப்பம். வியர்த்து, தலை சுற்றி, குமட்டினால் நிகோடின் ஏறிவிட்டது என்று அர்த்தம், உடனே சிகாரை வைத்துவிட்டு இனிப்பு ஏதாவது சாப்பிட்டுக் காற்றோட்டமாக உட்காருங்கள். விலை கொடுத்து வாங்கினோமே என்று முடிக்கப் பார்க்காதீர்கள்.

பெயரைப் பார்த்து ருசிக்கிறோமா, சிகாரைத்தான் ருசிக்கிறோமா என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. ஒரே அளவுச் சிகார்கள் மூன்றை எடுத்து, ஒன்று உங்கள் அபிமானம், மற்ற இரண்டு அந்நியம், நண்பர் ஒருவரை விட்டு பேண்டுகளை உருவச் சொல்லி, தலைப்பக்கம் வெள்ளைக் காகிதம் சுற்றி எண் போடச் சொல்லுங்கள். பேண்டை உருவும்போது பசை மேல் இலையில் ஒட்டியிருந்தால் கிழியும், மெதுவாக நகத்தால் தூக்க வேண்டும். மூன்றையும் மூன்று வெவ்வேறு வாரத்தில் பிடித்து, குறிப்பை எழுதிய பிறகே நண்பரிடம் விடை கேளுங்கள். அபிமானத்தைக் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் விசுவாசத்துக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது, யார் கேட்டாலும் தைரியமாகச் சொல்லலாம். கண்டுபிடிக்க முடியாமல், அதில் பாதி விலைச் சிகாருக்கு அதிக மதிப்பெண் போட்டிருந்தால், அதுவும் நல்ல சேதிதான்.

அபிமானமும் மாறும்

ஒரே சிகாரோடு நிற்பவர்கள் கவனிக்க வேண்டியது, நீங்கள் மாறாவிட்டாலும் அது மாறும். புகையிலை பயிர், ஒரு வருட மழை இன்னொரு வருடம் இல்லை. கியூபப் பெட்டியைக் கவிழ்த்தால் அடியில் தொழிற்சாலைக் குறியும், மாதமும் வருடமும் முத்திரையாக இருக்கும். ஒரே பிராண்டு, இரண்டு தேதி, இரண்டு குணம் என்பது சாதாரணம். டேவிடாஃப் என்ற பிராண்டு 1990களின் தொடக்கத்தில் கியூபாவை விட்டு டொமினிக்கன் குடியரசுக்கு உற்பத்தியை மாற்றியது. பேண்டு அதே வெள்ளை, உள்ளே இலை முழுக்க வேறு. கியூப பிராண்டான கோஹிபா 1966இல் கியூபத் தலைவர் காஸ்ட்ரோவுக்காகத் தொடங்கியது, 1982 முதல்தான் பொதுச்சந்தைக்கு வந்தது. 2022இல் கோஹிபா, டிரினிடாட் என்ற இரண்டு கியூப பிராண்டுகளின் விலைகளை உலகம் முழுக்க ஒரே உயர்ந்த மட்டத்துக்குக் கொண்டுவந்தபோது பல ஊர்களில் விலை இரண்டு மடங்கையும் தாண்டியது. அன்றைக்கு வேறு எதையும் பழகாமல் இருந்தவர்கள்தான் திண்டாடினார்கள். ஆகவே உங்கள் அபிமானம் கிடைக்கும் நாட்களிலேயே அதற்கு அடுத்த இடத்தில் ஒன்றைப் பழகி வையுங்கள்.

வாங்குவதும் வைப்பதும்

ஒரே ஒரு சிகாரை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். கையால் சுருட்டுவது, ஒன்று இறுகிப்போகும், ஒன்று கோணலாக எரியும். புதியது எதுவாக இருந்தாலும் மூன்று வாங்குங்கள்: ஒன்று வந்து சில வாரம் ஓய்ந்த பிறகு, ஒன்று இரண்டு மாதம் கழித்து, ஒன்று ஆறு மாதம் கழித்து. மூன்றாவதும் பிடித்திருந்தால்தான் பெட்டி வாங்கும் பேச்சு. சேமிப்பில் பாதி அபிமானமாகவும் மீதி பழகிக்கொண்டிருப்பவையாகவும் இருந்தால் சரியாக இருக்கிறது என்பது என் அனுபவம்.

சென்னையோ சிங்கப்பூரோ, நம் ஊர்களில் ஆபத்து வெயில். சிகாருக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும், 18 முதல் 21 டிகிரி வெப்பமும் போதும். வெப்பம் 24, 25ஐத் தாண்டினால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரியும், மேல் இலையில் குண்டூசி குத்தியதுபோல் ஓட்டைகளும் அடியில் பொடியும் தெரியும். அப்படி ஒன்றில் கண்டால் மற்றதையெல்லாம் காற்றுப்புகாத பையில் போட்டு மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து, அப்புறம் ஒரு நாள் சாதாரண ஃபிரிட்ஜில் வைத்து, அதற்குப் பிறகு வெளியே எடுங்கள். சட்டென்று வெளியே எடுத்தால் மேல் இலை வெடிக்கும். மர ஹியூமிடார், அதாவது ஈரப்பதம் காக்கும் சிகார்ப் பெட்டி, அழகுதான், ஆனால் நம் ஊருக்கு இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் ஈரப்பதத்தை ஒரே அளவில் வைக்கும், 65 என்று போட்ட போவேடா பாக்கெட்டும், ஏசி அறையின் இருட்டு மூலையும் அதைவிட நம்பகமானவை. வெனிலா, காப்பி வாசனை ஏற்றிய சிகார் எதுவும் அந்த டப்பாவுக்குள் நுழையக்கூடாது. ஒன்று போதும், ஒரு மாதத்தில் உங்கள் அபிமானத்துக்கும் வெனிலா வாடை ஏறிவிடும். அதற்குத் தனி டப்பா.

எதற்கு எந்த நாள்

அபிமானத்தை எந்த நாளில் எடுப்பது என்றும் ஒரு ஒழுங்கு இருந்தால் நல்லது. களைத்த நாள், துக்கமான நாள், பழைய நண்பரோடு நீண்ட நேரம் பேச உட்காரும் நாள், இதெல்லாம் பழகிய சிகாருக்கு உரியவை. பேச்சில் ஆழ்ந்திருக்கும்போது புதிய சிகாரைப் பிடித்தால் அதையும் கவனிக்க மாட்டீர்கள், நண்பரையும் அரைகுறையாகத்தான் கேட்பீர்கள். புதியதற்குத் தனியாக, அவசரமில்லாமல், ஒரு குறிப்பேட்டோடு உட்காரும் மாலை வேண்டும். நாலைந்து புதியதுக்கு ஒருமுறை அளவுகோலுக்குத் திரும்பி வாருங்கள், இல்லையென்றால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது மங்கிவிடும்.

இன்னும் அபிமானமே அமையாத இரண்டாவது ரகத்துக்காரர்களுக்கு: கடந்த ஒரு வருடத்தில் பிடித்ததில் பெயர் சட்டென்று ஞாபகம் வருவது மூன்றை எழுதுங்கள். விலை, புகழ், யார் பரிந்துரைத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டாம். அந்த மூன்றில் எதை நாளையே மறுபடி வாங்க முடியுமோ அதில் ஐந்து வாங்கி, அடுத்த இரண்டு மாதம் வேறு எதையும் தொடாமல் அதை மட்டும் பிடியுங்கள். இரண்டாவது, மூன்றாவதில் சலிப்பு வரலாம், அப்போது விடாதீர்கள், நான்காவதில்தான் இதுவரை கவனிக்காத ஏதோ ஒன்று தெரிய ஆரம்பிக்கும். ஐந்தாவதும் சலிப்பாகவே இருந்தால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போங்கள்.

பிடிக்காமல் போனவற்றை உடனே தூக்கிப்போட வேண்டாம். டப்பாவின் ஒரு ஓரத்தில், மேலே தேதி எழுதி, ஒரு வருடம் ஓய விடுங்கள். இளம் சிகாரில் இருக்கும் அமோனியா நெடியும் முரட்டுக் காரமும் ஓய்வில் தணியும். தேதி வந்ததும் பழைய குறிப்பைப் படிக்காமல் பிடித்துவிட்டு, அப்புறம் எடுத்து ஒப்பிடுங்கள். அப்போதும் ஒத்துவரவில்லையென்றால், காட்டம் விரும்பும் நண்பர் யாராவது ஏற்கெனவே பிடிப்பவராக இருந்தால் அவருக்குக் கொடுத்துவிடலாம்.